வெங்காயப் பட்டறைக்குக் கட்டிய காயில்

கொல்லையை விட்டு வெளியேறி வண்டிப்பாதையில் கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் கையை மோந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. மோட்டார் கொட்டகைத் தண்ணீரில் இரண்டு முறை கழுவி, சாம்பல் போட்டுத் தேய்த்து, வேப்பிலையைக் கசக்கிப் பூசியிருந்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. நக இடுக்கில் கறுப்பாக ஏதோ தங்கியிருந்தது. ஓணான் போல ஒரு பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தேன்.

அழுகிய சின்ன வெங்காயம் செத்த எலியைப் போல நாறாது. செத்த எலி ஒரே மாதிரி நாறும், மூக்கு பழகிவிடும். வெங்காயம் முதலில் காரமாக வரும், அப்புறம் புளிப்பாக, அதற்கும் பின்னால் சாக்கடைக்குள் வெல்லப்பாகு கொட்டியதுபோல ஒரு இனிப்பு வரும். அந்த இனிப்புதான் குடலைப் பிடித்து இழுக்கும்.

தோளில் சாக்கு. சாக்குக்குள் ஆட்டுக்கல் அகலத்தில் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றிய ஒரு காயில். அதை ஆண்டிமடத்தில் ஒரு முந்திரிக் கிடங்கில் கொண்டுபோய் மாட்டவேண்டும் என்பது எனக்குக் கடைக்காரர் இட்டிருந்த கட்டளை. பின்னால் யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் நின்றிருக்க மாட்டேன். ஒன்பதாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நான் பார்த்த வேலைகள் எல்லாமே இப்படித்தான் முடிந்திருக்கின்றன. போர்வெல் லாரி, புரோட்டாக் கடை, கோழிப் பண்ணை, அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுவது. நாலைந்து மாதத்தில் கால் அரிக்கும், கிளம்பிவிடுவேன். விட்டு வந்த இடத்துக்குத் திரும்பிப் போகும் பழக்கம் கிடையாது.

அன்று கால் அரித்துக் கிளம்பவில்லை. அருவருப்பில் கிளம்பினேன். அழுகல்மேல் கொஞ்சம், கடைக்காரர்மேல் கொஞ்சம், என்மேல் மிச்சமெல்லாம்.

கடைக்காரர் என்று நான் சொல்வது பெரம்பலூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் ஒருவரை. கருகிப்போன மோட்டாரைப் பிரித்து, பழைய கம்பியை உருவிவிட்டுப் புதுக்கம்பி சுற்றிக் கொடுப்பார். கை சுத்தம். அவர் கட்டிய மோட்டார் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் போனில் ஏதாவது பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் மின்காந்தப் புலத்துக்குள் வைத்தால் கிருமி வளராது என்று யாரோ பேசியதைப் பார்த்துவிட்டார். அடுத்த நாளே சோதனையை ஆரம்பித்தார்.

இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்கள். மூடி கிடையாது. ஒவ்வொன்றிலும் தண்ணீர் தெளித்த ஐந்து வெங்காயம். ஒன்றைக் காயிலுக்கு நடுவில் வைத்து, பழைய ஸ்டெபிலைசர் பெட்டி ஒன்றின் வழியாக மின்சாரம் கொடுத்தார். காயில் ம்ம்ம்ம் என்று முனகியது. ஸ்க்ரூ டிரைவரைக் கிட்டே கொண்டுபோனால் கையில் கிர்ரென்று அதிர்ந்தது. இன்னொரு டப்பாவைக் குடிதண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஒதுக்கி வைத்தார். ஒன்பது நாள் கழித்துப் பார்த்தால் பானையோரத்து வெங்காயத்தில் கரும்பூசணம் பூத்து அடியில் சாறு கட்டியிருந்தது. காயிலுக்குள் இருந்த ஐந்தும் சருகுத்தோல் சலசலக்கக் காய்ந்து கிடந்தன.

"பாத்தியா தம்பி! கிருமி எல்லாம் வேவுல மாட்டிச் செத்துருச்சு" என்றார். காந்த அலையைத்தான் வேவு என்பார்.

நானும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எட்டாவதில் அறிவியல் வாத்தியார் ஆணியில் கம்பி சுற்றிக் குண்டூசிகளைத் தூக்கிக் காட்டியபோது வாய் பிளந்ததுபோலத்தான். இத்தனைக்கும் அந்த ஒன்பது நாளும் டப்பாவை எடுத்து வைத்தவன் நான். இரண்டாம் நாள் காயிலில் விரல் பட்டுச் சுரீரென்று சுட்டது. அதற்குப் பிறகு கந்தைத் துணியைச் சுற்றிக்கொண்டுதான் எடுத்தேன். சூடு என் விரலுக்குத் தெரிந்திருந்தது. ஐந்து வெங்காயத்தைச் சூட்டில் வைத்தால் காயும், பானையோரம் வைத்தால் அழுகும் என்று யோசிக்க ஒன்பதாம் வகுப்புகூட வேண்டியதில்லை. யோசிக்கவில்லை.

மோட்டார் கட்ட வந்தவர்களிடமெல்லாம் கடைக்காரர் அந்த இரண்டு டப்பாவையும் காட்டினார். அப்படிக் காட்டப்பட்டவர்களில் ஒருவர்தான் நான் விட்டு வந்த கொல்லைக்குச் சொந்தக்கார அக்கா.

அக்காவுக்கு நாற்பத்தைந்து இருக்கும். கணவர் வெளிநாட்டில் கட்டட வேலை. செட்டிகுளம் பக்கத்தில் கிணற்றுப் பாசனத்தில் இரண்டு ஏக்கர். எங்கள் பக்கம் சின்ன வெங்காயத்துக்கு விதை என்று தனியாகப் பெரும்பாலும் வாங்குவதில்லை. தை மாதம் பிடுங்கியதில் நல்ல திரட்சியானதைக் காய்ந்த தாளோடு ஒதுக்கி, வைகாசியில் அதையே ஊன்றுவார்கள். நடுவில் உள்ள மூன்று நாலு மாதம் அதைக் காப்பாற்றத்தான் பட்டறை. வரிசையாகக் கல் வைத்து, கல்லின் மேல் கழி பரப்பி, தரைக்கும் தளத்துக்கும் நடுவில் நாய் புகுந்து போகிற அளவுக்கு இடைவெளி விட்டு, பக்கமெல்லாம் மூங்கில் தப்பையால் அடைத்து, மேலே கீற்று வேய்ந்திருப்பார்கள். ஓர் ஆள் அகலம்தான் இருக்கும், நீளம் எவ்வளவு வேண்டுமானாலும் போகும். எந்தப் பக்கம் காற்றடித்தாலும் வெங்காயத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். அந்தப் பட்டறை வெங்காயம்தான் அக்காவுக்கு அடுத்த வெள்ளாமை. விலை ஏறியிருந்தபோதும் அதில் ஒரு கூடையைக்கூட அவர் விற்கவில்லை. அது போனால் வைகாசியில் ஊன்ற ஒன்றுமிருக்காது, கொல்லை தரிசாகக் கிடக்கும்.

போன வருஷம் பட்டறையில் நாலில் ஒரு பங்கு அழுகிவிட்டது என்று கடைக்காரரிடம் சொன்னார் அக்கா. அது எல்லாருக்கும் ஆவதுதான். டப்பாவைப் பார்த்ததும் அவருக்கு ஆசை வந்துவிட்டது.

சித்திரையில் மூன்று காயிலோடு போய் இறங்கினோம். பட்டறைக்கு அடியில் இருந்த இடைவெளியில் மூன்றையும் தள்ளி, மோட்டார் கொட்டகையிலிருந்து ஒயர் இழுத்தேன். கடைக்காரர் பட்டறையைச் சுற்றி வந்தார். மூங்கில் இடுக்கு வழியாக மறுபக்க வானம் தெரிந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"இவ்ளோ சந்து இருந்தா வேவு எல்லாம் காத்தோட போயிடுமேம்மா."

"காத்து போவத்தானேங்க இப்படிக் கட்டியிருக்கு" என்றார் அக்கா.

"அது பழைய முறை. இப்ப காத்து வேலைய மெஷின் பாத்துக்கும். தார்ப்பாய் இருக்கா?"

நீலத் தார்ப்பாய் இரண்டு இருந்தன. மழை வந்தால் நெல்மேல் போர்த்த வைத்திருந்தவை. கூரையிலிருந்து தரைவரை இழுத்துப் போர்த்தி, ஓரமெல்லாம் கல் வைத்து, கயிறு கட்டினோம். கட்டினோம் என்ன, நான்தான் கட்டினேன். போர்வெல் லாரியில் கற்றுக்கொண்ட முடிச்சு. எறும்பு புகாது. கடைக்காரர் பக்கத்தில் நின்று, "இழு, இழு, இன்னும் இறுக்கு" என்றார்.

மெஷினைப் பார்த்துக்கொள்ள என்னை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். மோட்டார் கொட்டகையில் படுக்கை. மூன்று வேளையும் அக்கா வீட்டிலிருந்து சோறு வந்தது. கம்பங்கூழ், சுட்ட கருவாடு, ஒருநாள் கோழிக்குழம்பு. "நல்லாத் தின்னு தம்பி, ஒடம்பு தேஞ்ச கட்டயாட்டம் இருக்க" என்பார். வேலை என்று ஒன்றுமில்லை. மின்சாரம் போய் வந்தால் ஸ்டெபிலைசர் பெட்டியைத் தட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். அதுவரை இருந்ததிலேயே சுகமான வேலை.

நாலாம் நாள் தார்ப்பாயின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தேன். உள்பக்கம் முழுக்க வியர்த்திருந்தது. சொட்டுச் சொட்டாக நின்று, ஒன்றோடொன்று சேர்ந்து, கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. சூடு முகத்தில் அடித்தது. இட்லிக் கொப்பரையைத் திறந்தால் அடிக்குமே, அதுபோல. கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"அது நல்லதுதான் தம்பி. வெங்காயத்துல இருக்கிற தண்ணி வெளிய வருது. மெஷின் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

அந்த வாக்கியத்தை அப்படியே அக்காவிடம் சொன்னேன். அவரும் கேட்டுக்கொண்டார்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, சோற்றுத் தூக்கோடு வந்த அக்கா பட்டறை அருகே நின்று மூக்கைச் சுளித்தார். "தம்பி, ஒரு மாதிரி வாட வருதே?"

எனக்கு இரண்டு நாளாகவே அந்த வாடை தெரியும். காரம் போய்ப் புளிப்பு தொடங்கியிருந்தது. கோழிப் பண்ணையிலும் புரோட்டாக் கடைப் பின்கட்டிலும் கிடந்தவனுக்குப் புளிப்பு எதில் முடியும் என்று தெரியாதா?

"வெங்காயம்னா வாட அடிக்கத்தான் செய்யும்க்கா" என்றேன்.

அவர் சிரித்துவிட்டுத் தூக்கைக் கொடுத்தார். அன்று கத்தரிக்காய்க் குழம்பு. நான் சாப்பிட்டேன். இப்போதும் கத்தரிக்காய்க் குழம்பைப் பார்த்தால் வாயில் எச்சில் வேறு மாதிரி ஊறுகிறது.

பதினெட்டாம் நாள் தார்ப்பாயின் ஓரத்திலிருந்து பழுப்பாக ஒரு நீர் கசிந்து கல்லுக்கு அடியில் தேங்கியது. அதில் ஈக்கள் ஒட்டிச் செத்துக் கிடந்தன. உயிரோடு இருந்தவை எழுந்து பறக்காமல் அதன்மேலேயே நடந்தன. அக்கா வந்து பார்த்தார். அரிவாளை எடுத்துவந்து கயிற்றை அறுத்தார். தார்ப்பாய் தானாகவே சரிந்தது.

அதை எப்படி எழுதுவது? மேலே இருந்தவை பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. தொட்டால் விரல் உள்ளே போனது. தோல் பையாக இருந்தது, உள்ளே கூழ். நடுவில் கையை விட்டால் சூடாக இருந்தது, காய்ச்சல்காரன் அக்குளைப்போல. அடுக்குக்கு அடுக்கு கரும்பூசணம், அதற்குக் கீழே வெள்ளையாக நூல் நூலாக இன்னொன்று, அதற்கும் கீழே புழு. புழுக்கள் அவசரமில்லாமல் நெளிந்தன. நுண்ணுயிர்கள் வளராமல் தடுக்கப் போனவர்கள், அவற்றுக்குச் சூடும் ஈரமும் இருட்டும் கொடுத்து, மேலே போர்வையும் போர்த்தி, பதினெட்டு நாள் காவலுக்கு ஆளும் வைத்திருக்கிறோம். பிரசவ அறையில்கூட இவ்வளவு கவனிப்பு கிடைக்காது.

அக்கா வேளாண்மை ஆபீசுக்குப் போன் செய்தார். மறுநாள் காலை ஒரு மேடம் ஸ்கூட்டரில் வந்தார். துப்பட்டாவை மூக்கில் அழுத்திக்கொண்டு சுற்றிப் பார்த்தார். அடியிலிருந்த காயிலைக் குனிந்து பார்த்து, தொட்டுவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்தார்.

"கரண்ட் எத்தன நாளா ஓடுது?"

"பதினெட்டு நாளுங்க" என்றேன்.

"இந்த மாதிரி ஆராய்ச்சி இருக்கு, இல்லன்னு சொல்லல" என்றார். "ஆனா அதுல சில கிருமி வளர்றது குறையுது, சிலது கூடுது, சிலதுக்கு ஒண்ணுமே ஆகறதில்ல. புலம் எவ்ளோ பலம், எவ்ளோ நேரம், எந்தக் கிருமின்னு எல்லாத்தையும் பொறுத்தது. அங்க முதல் வேலையே சூட்டத் தனியாப் பிரிக்கிறதுதான். கம்பியில கரண்ட் போனா சூடாகும்ல? நடந்தது புலத்தாலயா சூட்டாலயான்னு தெரியணும்ல? நீங்க பிரிச்சுப் பாத்தீங்களா?"

யார் பார்த்தது? நான் என் விரலைப் பார்த்தேன்.

"சரி, அத விடுங்க. தார்ப்பாய் போத்துனது யாரு?"

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. அவருடைய நாய்கூடத் திரும்பிப் பார்த்தது, அவர் திரும்பவில்லை.

மேடம் கிளம்பும்போது அக்காவிடம் சொன்னார்: "இன்னும் ரெண்டு நாளுக்குள்ள ஒண்ணொண்ணா பிரிச்சு, கெட்டியா இருக்கிறத நெழல்ல காத்தோட்டமாப் பரப்பிப் போட்டீங்கன்னா பாதி தேறலாம். பாதிக்குக் கொறச்சலாவும் தேறலாம். விட்டுட்டீங்கன்னா ஒண்ணும் தேறாது. அழுகல் பக்கத்துக்குப் பக்கம் தாவும்."

அக்கா இரண்டு பெண்களைக் கூலிக்குக் கூட்டிவந்தார். முந்தானையை மூக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கால் மணி நேரம் ஆகியிருக்காது, ஒருத்தி எழுந்து வேலி ஓரம் போய் வாந்தி எடுத்தாள்.

"எருக்குழியில எறங்கச் சொல்லு, எறங்குறேன். இது என்னால ஆவாது தாயி" என்று சொல்லிவிட்டுப் போனாள். மற்றவளும் அவளைப் பிடித்துக்கொண்டு போவதுபோலப் போய்விட்டாள்.

நான் கொஞ்ச நேரம் கை வைத்தேன். ஒரு கூடை பிரித்திருப்பேன். அப்போதுதான் கடைக்காரர் போன் செய்தார். நடந்ததைச் சொன்னேன். "எங்கயாவது காத்து பூந்திருக்கும். சரி, போனது போவட்டும். அந்த மூணுல நல்லா இருக்கிற ஒண்ணக் கழட்டிக்கிட்டு நேரா ஆண்டிமடம் போ. முந்திரிக் கெடங்குப் பார்ட்டி காலையிலேருந்து போன் மேல போன்" என்றார்.

நான் காயிலைக் கழற்றினேன். இதைத்தான் என்னால் இன்றும் செரிக்க முடியவில்லை. சொன்னார், கழற்றினேன். துடைத்துச் சாக்கில் வைத்தேன்.

அக்கா கூடையின் முன் தனியாக உட்கார்ந்திருந்தார். முழங்கைவரை பழுப்புச் சாறு. "மெஷினப் பத்தரமா எடுத்துட்டுப் போப்பா. அதுக்கு மட்டும் ஒண்ணும் ஆவல பாரு" என்றார். பதினெட்டு நாளும் தம்பி என்றவர் அப்போது என்னைத் தம்பி என்று சொல்லவில்லை.

இப்படித்தான் அந்த வண்டிப்பாதைக்கு வந்து சேர்ந்தேன்.

பெரம்பலூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஆலத்தூர் கேட் தாண்டுவதற்குள் என் பக்கத்திலிருந்தவர் எழுந்து நின்றுகொண்டார். முன் சீட்டு அம்மா ஜன்னலைத் திறந்துவிட்டு, "யாருடி மீனு கொண்டாந்தது?" என்று பொதுவாகக் கேட்டார். கண்டக்டர் டிக்கெட்டை இரண்டு விரல் நுனியில் நீட்டினார். பெரம்பலூரில் இறங்கி அரியலூர் பஸ் ஏறினேன். அங்கே சிமென்ட் லாரிப் புழுதி ஜன்னல் வழியாக வந்து எல்லார் மூக்கையும் அடைத்ததால் என்னை யாரும் கவனிக்கவில்லை. ஜெயங்கொண்டம் வழியாக ஆண்டிமடம் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

முந்திரிக் கிடங்குக்காரர் வாசலிலேயே காத்திருந்தார். பருத்த ஆள், வெள்ளை வேட்டி, காதில் பேனா. உள்ளே முந்திரிக்கொட்டை மூட்டைகள் கூரைவரை அடுக்கியிருந்தன. ஜன்னல்களையெல்லாம் தார்ப்பாய் வைத்து ஆணியடித்து அடைத்திருந்தார். அதுவும் நீலம்தான்.

"ஒங்க மொதலாளி போன்லயே சொல்லிட்டாரு, காத்து பூரக் கூடாதுன்னு. ஊசி போற சந்து வுடல பாருங்க" என்றார் பெருமையாக.

அந்த நீலத்தைப் பார்த்ததும் எனக்கு வாயில் இனிப்பு நாற்றம் வந்துவிட்டது. வாசலுக்கு வெளியே போய்த் துப்பினேன்.

"என்னய்யா, உள்ள வந்து மாட்டு."

"மாட்ட வேணாங்க. ஜன்னல மொதல்ல தொறந்துவுடுங்க."

"ஏன்?"

"முந்திரி கெட்டுப் போயிடும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொண்ணு பாக்க வந்த எடத்துல மாப்ளையே பொண்ணு வேணாங்கிறான். மெஷினக் கொண்டாந்தவன் நீதான?"

"நான்தாங்க."

"அப்ப மெஷின் வேல செய்யுமா, செய்யாதா?"

"செய்யும். சூடாவும். இது அடுப்புங்க. அடுப்ப வச்சிட்டுக் கதவச் சாத்துனா என்ன ஆவும்?"

"கதவச் சாத்தச் சொன்னது ஒங்காளு!"

"அவரு சொன்னாரு. பெரம்பலூர்ல ஒரு பட்டறைக்கு நான்தான் சாத்துனேன்."

அவர் ஒரு அடி கிட்டே வந்தார். உடனே இரண்டு அடி பின்னால் போனார். "அய்ய, ஒம் மேல என்னய்யா இந்த நாத்தம்?"

"அதாங்க பட்டறை" என்றேன். கையை நீட்டினேன். "மோந்து பாருங்க. உங்க முந்திரிக்கும் இதான்."

"யோவ், தூரப் போ! கைய எடு!" என்று கத்திக்கொண்டே துண்டால் மூக்கைப் பொத்தினார். மூட்டை தூக்கும் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் அவர்களைத் திட்டினார், பிறகு என்னைத் திட்டினார், பிறகு போனை எடுத்துக் கடைக்காரரைத் திட்டத் தொடங்கினார். நான் சாக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். தெரு முனையில் திரும்பிப் பார்த்தபோது மூட்டைக்காரர்களில் ஒருவர் ஏணி போட்டு ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார்.

அன்று ஆண்டிமடம் பஸ் நிலையத்தில் படுத்தேன். பெஞ்சில் ஏற்கெனவே படுத்திருந்தவர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார். எனக்கு நீட்டிப் படுக்க இடம் கிடைத்தது.

விடிந்ததும் முதல் பஸ். எட்டு மணி வாக்கில் பெரம்பலூரில் கடைக்காரர் கதவைத் திறந்துகொண்டிருந்தார். சாக்கை அவர் மேசைமேல் வைத்தேன்.

"ஏன் தம்பி, மனுசனா நீ? நல்ல பார்ட்டிய இப்படிக் கெடுத்துட்டியே."

அந்த இரண்டு டப்பாவும் இன்னும் அலமாரியில் இருந்தன. காய்ந்த டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "அண்ணே, இன்னும் ஒருதரம் செஞ்சு பாருங்க. ரெண்டையும் பானையவிட்டுத் தள்ளி வையுங்க. ஒண்ணக் காயிலுக்குள்ள வையுங்க. இன்னொண்ணுக்குக் காயில் வேணாம், பக்கத்துல ஒரு குண்டு பல்ப எரியவுடுங்க, அதே சூடு வர்ற மாதிரி."

"பல்புல என்னடா வேவு இருக்கு?"

"வேவு இல்லாமத்தான் செஞ்சு பாக்கச் சொல்றேன்."

அவருக்குப் புரியவில்லை. புரிந்தும் வேண்டாமென்று விட்டாரா, தெரியாது. டப்பாவை எடுத்துத் துடைத்துப் பழைய இடத்திலேயே வைத்தார். இரண்டு பேர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் அவர்கள் பக்கம் திரும்பி, "வாங்க வாங்க, ஒக்காருங்க. ஒண்ணு காட்டுறேன் பாருங்க" என்றார். எனக்கு மறுபடியும் துப்ப வேண்டும்போல இருந்தது. வெளியே வந்து துப்பினேன். அங்கிருந்து எனக்கு எத்தனையோ பஸ் இருந்தன. திருச்சிக்கு, ஆத்தூருக்கு, அரும்பாவூருக்கு. கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். செட்டிகுளம் பஸ் வந்தது.

தூரத்திலிருந்தே நாற்றம் வழி காட்டியது. அக்கா முந்தின நாள் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். புளியமரத்து நிழலில் கோணிகளை விரித்து நல்ல வெங்காயத்தைப் பரப்பியிருந்தார். நாலு கோணி நிறைந்திருந்தது. பட்டறையில் இன்னும் பாதிக்குமேல் அப்படியே கிடந்தது. வேறு யாரும் இல்லை.

நாய் குரைத்தது. அக்கா நிமிர்ந்தார்.

"என்னா, எதயாவது மறந்து வச்சிட்டுப் போயிட்டியா? இன்னும் ரெண்டு இருக்கு அடியில, தூக்கிட்டுப் போ."

"அதுக்கு வரலக்கா. வேலைக்கு ஆள் வேணுமான்னு கேக்க வந்தேன்."

"என்னா வேல தெரியும் ஒனக்கு?"

என்ன சொல்வது? "தார்ப்பாய் கட்டத் தெரியும்" என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. "பிரிக்கிறேன்க்கா" என்றேன்.

அவர் கையிலிருந்த வெங்காயத்தை அமுக்கிப் பார்த்தார். அது பிதுங்கியது. பக்கத்தில் வெட்டியிருந்த குழியில் எறிந்தார்.

"வாந்தி வந்தா அந்தாண்ட போயி எடு. கோணி மேல எடுத்துறாத" என்றார். "அமுக்கிப் பாத்து, கெட்டியா இருந்தா இங்க, கொழகொழன்னு இருந்தா குழிக்கு. சந்தேகமா இருந்தாலும் குழிக்குத்தான். ஆசப்பட்டு ஒண்ணக்கூட இந்தப் பக்கம் போட்டுறாத, அது மத்ததையும் கெடுத்துரும். சோறு மத்தியானம் வரும். வூட்டுப் பக்கம் வராத, இங்கயே தின்னு."

காலால் ஒரு கூடையை என் பக்கம் தள்ளினார். சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். மூங்கில் தப்பையை விலக்கிக் கையை உள்ளே விட்டேன். முழங்கைவரை போனது. நடுவில் இன்னும் சூடாகத்தான் இருந்தது. ஒன்றைப் பிடித்து வெளியே எடுத்தேன். குழிக்கு. அடுத்ததும் குழிக்கு. மறுபடி கையை உள்ளே விட்டேன். நாலாவதோ ஐந்தாவதோ ஒன்று, வழவழப்புக்கு நடுவில், விரலுக்கு இடம் கொடுக்காமல் கெட்டியாக இருந்தது. அதைத் துடைத்து அக்காவிடம் நீட்டினேன். அவர் வாங்கி, இரண்டு விரலில் வைத்து அமுக்கி, மோந்து பார்த்து, கோணியில் போட்டார்.